நாலு வரியில் முடிந்த சகோதரி

நான் ஆங்கிலம் படித்தது காதல் நாவல்களில். ரொறன்ரோவுக்கு வந்த புதிதில் மொழி வகுப்புக்கு ஆறு மாதம் போனேன். அங்கே கற்றது கடைக்கும் டொக்டரிடம் போவதற்கும் போதுமாக இருந்தது. மிச்சத்தை, தொப்பி போட்ட ஆண்களும் நீளப் பாவாடை கட்டிய பெண்களும் அட்டையில் நிற்கிற தடித்த புத்தகங்கள்தான் சொல்லித் தந்தன. பழைய அமெரிக்காவின் மேற்குப் பக்கத்தில், குதிரையும் மாடும் பனியுமாக நடக்கிற கதைகள். வசனம் இலேசு. ஒரு சொல் விளங்காவிட்டாலும் அடுத்த பக்கத்தில் அது திரும்ப வந்துவிடும். இதனால் கடிவாளத்துக்கும் சேணத்துக்கும் லாடத்துக்கும் எனக்கு ஆங்கிலம் தெரியும். குளியலறையில் தண்ணீர் ஒழுகியபோது வந்த பிளம்பரிடம் எந்த இடம் என்று சொல்ல வார்த்தை இல்லாமல் விரலால்தான் காட்டினேன்.

இந்தப் புத்தகம் ஸ்காபரோவில், வோபர்ன் பகுதியில் எங்கள் அடுக்குமாடியின் உடுப்புத் தோய்க்கிற அறையில் கிடைத்தது. அங்கே ஒரு தட்டில், வாசித்து முடித்தவர்கள் புத்தகங்களை விட்டுவிட்டுப் போவார்கள். அட்டையில் ஒரே முகத்தோடு இரண்டு பெண்கள், நடுவில் ஒரு ஆண், பின்னால் மலை. பின்னட்டையில் இரட்டைச் சகோதரிகள் என்று போட்டிருந்தது. உடுப்பு காய்வதற்குள் முப்பது பக்கம் வாசித்துவிட்டேன். அந்த முப்பது பக்கமும் நன்றாக இருந்தது. அதை இங்கே சொல்லத்தான் வேண்டும், பிறகு அந்த எழுத்தாளரை நாங்கள் எவ்வளவோ திட்டினோம்.

அப்போது நான் யூனியன்வில்லுக்கு அந்தப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தேன். மின்பலகைகளில் சின்னச் சின்னத் துண்டுகளைப் பொருத்துகிற வேலை. காலை ஏழு மணிக்குத் தொடங்கும். என்னிடம் கார் இல்லை. அதே இடத்தில் வேலை செய்த மட்டக்களப்பு அக்கா ஒருவர் தன்னுடைய வான் வண்டியில் என்னை ஏற்றிக்கொண்டு போவார். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். வழியில் மில்லிக்கனில் ஒரு அண்ணையையும் ஏற்றுவோம். அவர் யாழ்ப்பாணம், தொழிற்சாலையின் ஸ்ரோரில் சாமான் எடுத்துக் கொடுக்கிற வேலை, அறுபதைத் தாண்டியவர். முன் சீட்டில் ஏறி, பெல்ற்றைப் போட்டு, கண்ணை மூடிவிடுவார். நித்திரை என்றுதான் நாங்கள் வெகுநாளாக நினைத்துக்கொண்டிருந்தோம்.

குளிர்காலத்தில் ஆறரை மணிக்கு நல்ல இருட்டு. நான் பின் சீட்டில் உள்லைற்றைப் போட்டுக்கொண்டு வாசித்தேன். இரண்டு நாள் பொறுத்த அக்கா மூன்றாம் நாள் சொன்னார்.

"புள்ள, லைற்றை நிப்பாட்டு. கண்ணாடியில அடிக்கிது, ரோட்டுத் தெரியல்ல."

நிறுத்தினேன். கொஞ்சத் தூரம் போன பிறகு அவரே கேட்டார்.

"அப்பிடி என்னதான் வாசிக்காய்? சும்மா இருக்காம அதச் சொல்லன்."

அப்படித்தான் தொடங்கியது. இரவில் வீட்டில் இருபது பக்கம் வாசிப்பேன். காலையில் மார்க்கம் ரோட்டில் ஏறியதும் சொல்லத் தொடங்கினால், தொழிற்சாலை வாசலில் நிறுத்தும்போது ஏதாவது ஒரு இக்கட்டில் கொண்டுவந்து விட்டுவிடுவேன்.

கதை இதுதான். தாய் தகப்பன் இல்லாத இரட்டைச் சகோதரிகள். மூத்தவள் மேற்கில் மாட்டுப் பண்ணை வைத்திருக்கிற ஒருவனுக்குக் கடிதம் எழுதி, படம் அனுப்பி, அவனைக் கட்டச் சம்மதிக்கிறாள். புறப்படுகிற நேரம் பார்த்து அவளுக்குக் கடும் காய்ச்சல். ரிக்கற்றை வீணாக்காமல் இளையவள் அக்காவின் பெயரில் போகிறாள். பண்ணைக்காரனுக்கு வித்தியாசம் தெரியவில்லை. மூன்று மாதம் கழித்து மூத்தவள் சுகமாகி வந்து இறங்கும்போது, அவர்கள் இருவருக்கும் கலியாணம் முடிந்திருக்கிறது.

முன்பின் தெரியாத ஒருவனைக் கட்டுவதற்காக ஒரு பெண் தனியே பயணம் போவதை எழுத்தாளர் பெரிய துணிச்சலாக எழுதியிருந்தார். நானும் அந்த இடத்தைக் குரலை இறக்கிச் சொன்னேன். அக்கா ஒன்றும் அசையவில்லை.

"இதில என்ன கா இருக்கு? நானும் படத்தை அனுப்பிப்போட்டு வந்தவதான். அவ ரயில், நான் பிளேன்."

முன் சீட்டில் கண்ணை மூடியிருந்த அண்ணை அப்போதுதான் முதல்முறை வாயைத் திறந்தார்.

"நான் என்ர மனுசியை முதல் கண்டது எயாப்போட்டில. படத்தில இருந்ததை விடக் கட்டை."

அதற்குப் பிறகு அவர் கண்ணை மூடுவதை விட்டுவிட்டார்.

ஆனால் பண்ணைக்காரன் ஏமாந்துபோனதை மட்டும் அக்கா ஏற்கவேயில்லை. மூன்று மாதம் ஒரு வீட்டுக்குள் இருந்துகொண்டு, கடிதம் எழுதியவள் இவள் இல்லை என்று கண்டுபிடிக்காத மனுசன் என்ன மனுசன் என்றார். எழுதியவருக்கு இரட்டையரைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது என்றார்.

"எங்களை எங்கட வீட்டு நாயே பிரிச்சு அறியும்."

அப்படித்தான் அக்காவும் ஒரு இரட்டை என்பது எனக்குத் தெரிந்தது. இரண்டு வருடம் ஒரே வானில் போயிருக்கிறேன், அதுவரை அவர் அதைச் சொன்னதில்லை. பத்து நிமிடம் இளைய சகோதரி சுவிஸில் ஒரு முதியோர் இல்லத்தில் சமையல் வேலை செய்கிறாராம். ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் பேசுவார்களாம். அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா இந்தக் கதையை அவருக்குச் சொல்லியிருக்கிறார். சுவிஸ் சகோதரிக்கும் கதை பிடித்துவிட்டது. அதற்குப் பிறகு ஞாயிறு வரைக்கும் அவரால் பொறுக்க முடியவில்லை. வேலை முடிந்து வரும்போது அக்காவின் போன் அடிக்கும்; ஓட்டும்போது எடுக்கமாட்டார், வீட்டுக்குப் போய்த்தான் பேசுவார். "இண்டைய பாகம் என்ன?" என்று கேட்பாராம்.

நான் பெருமைப்பட்டேன். உடுப்புத் தோய்க்கிற அறையில் எடுத்த ஒரு புத்தகத்தை இரண்டு கண்டத்தில் கேட்கிறார்கள்.

நூற்று நாற்பதாம் பக்கத்தில் மூத்தவள் பண்ணையை விட்டுப் போகிறாள். தங்கச்சியின் வாழ்க்கையில் தான் குறுக்கே நிற்கக் கூடாது என்று, ஒருவருக்கும் சொல்லாமல், விடியமுதல் ரயிலேறிவிடுகிறாள். இந்த இடத்தில் நான் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். புத்தகத்தில் அவள் ஒன்றும் பேசாமல்தான் போகிறாள். வானில் நான் அவளைப் பேச வைத்தேன். ஸ்ரேசனில் நிற்கும் ஒரு கிழவியிடம், "என்னுடைய பெயரையும் அவளுக்கே குடுத்திட்டன், இனி நான் ஆர் எண்டு எனக்கே தெரியாது" என்று சொல்ல வைத்தேன். அப்படி ஒரு கிழவியும் புத்தகத்தில் இல்லை. ஸ்ரீல்ஸ் சந்தியில் சிவப்பு விளக்கில் நின்றபோது அக்கா கன்னத்தைத் துடைப்பதைப் பார்த்தேன். அண்ணை யன்னல் பக்கம் திரும்பியிருந்தார். கதை சொல்கிறவருக்கு இதைவிட என்ன வேண்டும்.

அடுத்த நாள் காலை நான் தொண்டையைச் செருமியதும் அக்கா சொன்னார்.

"இண்டைக்குக் கதை வேணாம் புள்ள."

றேடியோவைப் போட்டார். அதற்கு அடுத்த நாளும் றேடியோ. வேலை முடிந்து வரும்போது போன் அடிக்கவில்லை.

நான்காவது நாள் மத்தியானச் சாப்பாட்டில் அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். சோற்றுப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, அதைச் சாப்பிடாமல் சொன்னார்.

அவர்களுக்கு இருபத்திரண்டு வயதில் கனடாவிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. வீட்டில் இருந்த நல்ல படம் ஒன்றே ஒன்று, ஸ்ரூடியோவில் இரண்டு பேரும் சேர்ந்து எடுத்தது. அதைத்தான் அனுப்பினார்கள். எது மணப்பெண் என்று தெரிய வேண்டும் என்பதற்காக ஒருத்தியின் தலைக்கு மேல் பேனாவால் ஒரு புள்ளி போட்டார்கள். மூத்தவள் என்பதால் அக்காவின் தலைக்கு மேல். இளையவர் அந்த நேரம் எப்படியாவது வெளியே போய்விட வேண்டும் என்று துடித்துக்கொண்டிருந்தார். அக்காவுக்கு வீட்டை விட்டுப் போகப் பயம். இரண்டு பேருக்கும் அது தெரியும். ஆனால் இரண்டு பேரிடமும் ஒருவரும் கேட்கவில்லை. அக்கா வந்துவிட்டார். சகோதரி இன்னும் பதினொரு வருடம், யுத்தத்துக்குள்ளே, ஊரிலேயே இருந்தார். அதைப் பற்றி அவர் ஒருநாளும் ஒரு சொல் சொன்னதில்லை.

"அந்த ரயிலில போனவட கதையைத் தங்கச்சிக்குச் சொன்னன். அவ அங்கால அழுறா. ஏன்டி அழுறாய் எண்டு கேட்டா, 'நீயும் ஒரு வார்த்தை சொல்லாமத்தானே போன' எண்டுறா. நான் அதுக்கு, 'போகச் சொன்னாங்க, போனன், நான் என்ன செய்ய' எண்டன். போனை வச்சிட்டா."

அந்த ஸ்ரேசனும் கிழவியும் நான் சேர்த்தது என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. ஒரு சகோதரி சொல்லாமல் போனது புத்தகத்திலும் இருக்கிறதுதானே என்று என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். ஆனால் அவளை அவர்கள் மனதில் அவ்வளவு பெரிதாக வளர்த்துவிட்டது நான்தான்.

இரண்டு கிழமை வானில் றேடியோ மட்டும் பேசியது. அக்கா கோபமாக இருக்கவில்லை, எனக்குக் குளிருமே என்று பின் சீட்டில் ஒரு போர்வைகூடக் கொண்டுவந்து போட்டார். கதையை மட்டும் கேட்கவில்லை. அதிகம் வாடிப்போனவர் அண்ணை. ஒருநாள் தேத்தண்ணி நேரம் என்னைத் தேடி எங்கள் பகுதிக்கே வந்துவிட்டார். சுற்றிவரப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"பிள்ளை, உந்தப் பண்ணைப் பெடியன்ர மாடுகளை ஆரோ களவெடுத்தவங்கள் எல்லோ. கிடைச்சதோ?"

"நான் இன்னும் முழுக்க வாசிக்கேல்லை அண்ணை."

"அப்ப வாசியுமன். அவ கேக்காட்டில் எனக்குச் சொல்லும்."

அந்தச் சனி ஞாயிறு முழுப் புத்தகத்தையும் வாசித்து முடித்தேன். மாடுகள் கிடைத்தன. பனிப்புயல் வந்தது. பண்ணைக்காரனுடைய தோளையும் நெஞ்சையும் பற்றி எத்தனையோ பக்கம் வந்தது. அவன் விறகு கொத்தினாலும் தோள், குதிரைக்குத் தண்ணீர் வைத்தாலும் தோள். நான் ஒவ்வொரு அத்தியாயத்திலும் மூத்தவளைத் தேடினேன். மிச்சம் இருந்த இருநூற்று நாற்பது பக்கத்தில் அவளைப் பற்றி ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. கூடப் பிறந்தவள் ஒருதரம்கூட அவளை நினைக்கவில்லை. கடைசிப் பக்கத்தில் ஒரு கடிதம் வருகிறது. நாலு வரி. நகரத்தில் ஒரு டொக்டரைக் கட்டியிருக்கிறாளாம், சந்தோசமாக இருக்கிறாளாம், தங்கச்சியும் சந்தோசமாக இருப்பாள் என்று நம்புகிறாளாம். முற்றும்.

புத்தகத்தைக் கட்டிலில் எறிந்துவிட்டு இருந்தேன். என் மகள் அறைக்குள் எட்டிப் பார்த்து, "அம்மா, ஆர் யூ ஓகே?" என்று கேட்டாள். ஒன்றும் இல்லை என்றேன்.

திங்கட்கிழமை தேத்தண்ணி நேரம் அண்ணையிடம் சொன்னேன். மாடுகள் கிடைத்ததில் அவருக்குத் திருப்தி. பிறகு கடிதத்தைச் சொன்னேன்.

"நாலு வரியோ?"

"நாலே நாலு வரி."

அவர் பாதித் தேத்தண்ணியோடு பேப்பர் கோப்பையைக் குப்பையில் போட்டார். பிறகு ஸ்ரோருக்குப் போய்விட்டார்.

அடுத்த நாள் காலை மில்லிக்கனில் ஏறியவர் பெல்ற்றைப் போடுவதற்கு முன்னாலேயே றேடியோவை நிறுத்தினார். அந்த வானில் றேடியோவில் கை வைக்கிற உரிமை அக்காவுக்கு மட்டும்தான்.

"அந்த ரயிலில போன பிள்ளைக்கு அதுக்குப் பிறகு முழுப் புத்தகத்திலயும் நாலு வரிதானாம்," என்றார். "இது நியாயமோ எண்டு நீங்களே சொல்லுங்கோ."

அக்கா கண்ணாடியில் என்னைப் பார்த்தார். நான் ஓம் என்று தலையாட்டினேன். கடிதத்தில் இருந்ததை அப்படியே சொன்னேன், இந்த முறை ஒரு சொல்லும் கூட்டாமல்.

"டொக்டரா? எந்த டொக்டர்? எங்க கண்டவ அவனை?"

"அது ஒண்டும் இல்லை அக்கா."

"புள்ளையள் இருக்கா?"

"அதுவும் இல்லை."

"தங்கச்சிக்காரி போய்ப் பாத்தவளா?"

"இல்லை."

பச்சை விளக்கு விழுந்து, பின்னால் ஒருவன் ஹோன் அடித்து, அதற்குப் பிறகுதான் வான் நகர்ந்தது. அடுத்த பிளாசாவில் அக்கா திருப்பி, ஒரு கோப்பிக் கடைக்கு முன்னால் நிறுத்திவிட்டார். போனை எடுத்து அழுத்தினார். சுவிஸில் அப்போது மத்தியானம். இந்த முறை ஸ்பீக்கரில் போட்டார். மணி அடிப்பது எங்களுக்கும் கேட்டது.

"ஹலோ" என்றது ஒரு குரல். அக்காவின் குரலேதான். நான் திடுக்கிட்டேன்.

மூன்று கிழமை பேசாமல் இருந்த அக்கா நலமா என்றுகூடக் கேட்கவில்லை.

"எடியே, அந்தப் பொம்புளைக்கு நாலு வரிதான் எழுதியிருக்கா."

அந்தப் பக்கம் பாத்திரங்கள் படுகிற சத்தம் கேட்டது.

"ஆருக்கு?"

"ரயிலில போனவளுக்கு. ஒரு டொக்டரைக் கட்டி சந்தோசமா இருக்காளாம். அவ்வளவுதான்."

"மற்றவ?"

"மற்றவ மாட்டுக்குப் பின்னால திரியிறா. இவளை நினைக்கவேயில்லையாம்."

"என்னடி விசர்க் கதை இது?" சுவிஸ் சகோதரி சமையலறையை விட்டு எங்கேயோ வெளியே வந்துவிட்டார் போலிருந்தது, பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது. "இரட்டைப் பிறந்தவ நினைக்காம இருப்பாளா? எழுதினவளுக்குக் கூடப்பிறப்பே இல்லைப் போல."

இரண்டு பேரும் சேர்ந்து அந்த எழுத்தாளரைத் திட்டினார்கள். ஒருவர் தொடங்கிய வசனத்தை மற்றவர் முடித்தார். இடையில் அண்ணை, "மாடு மட்டும் எல்லாம் கிடைச்சிட்டுது" என்றார். அது யார் என்று சுவிஸிலிருந்து கேட்டார்கள். பிறகு சுவிஸ் சகோதரியின் குரல் இறங்கிக் கேட்டது.

"அக்கா, என்னைப் பத்தி எழுதச் சொன்னா ஒனக்கு எத்தனை வரி தெரியும்?"

அக்கா போனை ஸ்பீக்கரிலிருந்து மாற்றிக் காதில் வைத்துக்கொண்டு கதவைத் திறந்து இறங்கிவிட்டார். கையுறையும் போடவில்லை. அந்த வெறும் தரிப்பிடத்தில், பனி ஒதுக்கிக் குவித்திருந்த மேட்டைச் சுற்றிச் சுற்றி நடந்தார். என்ன பேசினார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. பெரும்பாலும் அக்கா கேட்டுக்கொண்டுதான் இருந்தார். ஒருமுறை நின்று, குனிந்து, முழங்காலில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார். நான் கதவைத் திறக்கப் போனேன்.

"இரும் பிள்ளை," என்றார் அண்ணை. "விடும், கதைக்கட்டும்."

அன்றைக்கு மூன்று பேரும் ஐம்பது நிமிடம் பிந்திப் போனோம். சூப்பர்வைசரிடம் அண்ணை வான் பஞ்சர் என்றார். அவர் பொய் சொல்லி நான் கண்டது அந்த ஒருமுறைதான்.

அக்கா மூக்கும் கையும் சிவந்து திரும்பி ஏறியபோது ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

"பதினொரு வருசம் அவ இருந்த இருப்பை இண்டைக்குத்தான் கேக்கன்."

அந்த இரவு மகள் கணினியில் அந்தப் புத்தகத்தைத் தேடி எடுத்தாள். வாசித்தவர்கள் கருத்து எழுதுகிற பக்கம் ஒன்று இருந்தது. அவள் ஒவ்வொன்றாக வாசித்துச் சொன்னாள். ஒருத்தி, தனக்குப் பிடித்த ஒரே ஆளை எழுத்தாளர் பாதியில் ரயிலேற்றிவிட்டார் என்று எழுதியிருந்தாள். இன்னொருத்தி, அவனுடைய தோளுக்குக் கொடுத்த பக்கங்களில் பத்தில் ஒன்றை அந்தச் சகோதரிக்குக் கொடுத்திருக்கலாம் என்றிருந்தாள். ஒரு ஆண், குதிரைகளைப் பற்றிய விபரம் சரியாக இருந்தது என்று ஐந்து நட்சத்திரமும் கொடுத்திருந்தான்.

"அம்மா, லிட்டரலி எல்லாரும் நீங்கள் சொல்றதைத்தான் சொல்லுகினம்," என்றாள் மகள். "நீங்களும் எழுதுங்கோவன். நான் ரைப் பண்றன்."

எனக்கு அந்தப் பெண்களைக் கட்டிப் பிடிக்க வேண்டும் போலிருந்தது. எந்த ஊரோ, யாரோ. அவர்களும் ஒவ்வொரு அத்தியாயமாக அவளைத் தேடியிருக்கிறார்கள்.

எழுதுவதற்கு முன் வானில் கூட்டம் வைத்தோம். சுவிஸ் சகோதரி போனில் ஒரு நட்சத்திரம்தான் என்று பிடிவாதமாக நின்றார். அக்கா இரண்டு. அண்ணை மாடுகளுக்காக நாலு கேட்டார். முதல் நூறு பக்கம் எழுதிய கையை நினைத்து எனக்கும் மனம் கேட்கவில்லை. அந்த மனுசிக்குப் பாதியில் என்ன வந்ததோ, வருத்தமோ, அவசரமோ. கடைசியில் மூன்று கொடுத்தோம். ஸ்காபரோவில் ஒரு வானுக்குள் மூன்று பேரும், கடலுக்கு அந்தப் பக்கம் ஒருவரும் கேட்ட கதை இது, எங்கள் எல்லாருக்கும் மூத்த சகோதரியைப் பற்றிக் கவலை என்று எழுதினோம்.

நாலைந்து நாளில் அதற்குக் கீழே யாரோ ஒரு பெண் ஒரு கேள்வி எழுதியிருந்தாள். ரயிலேறிய பிறகு அவள் என்ன செய்திருப்பாள் என்று நீங்கள் நினைக்கிறீர்கள்?

அந்தக் கேள்வி எங்களுக்குப் பனி உருகும் வரைக்கும் போதுமாக இருந்தது. டொக்டரை முதல் நாளே கழித்துவிட்டார்கள். அவள் தையல் கடை வைத்தாள் என்றார் அக்கா. சமையல் என்றார் சுவிஸ் சகோதரி, ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சாப்பாட்டுக் கடை, அங்கே ஒருவரும் யாருடைய பெண்சாதி நீ என்று கேட்கமாட்டார்கள் என்றார். முதல் குளிர்காலம் மிகக் கடினமாக இருந்தது என்று போடச் சொன்னார். அழுதாள் என்றும் போடச் சொன்னார், ஆனால் கடைக்குப் பின்னால் போய். அதையும் அப்படியே போடு என்றார் அக்கா. தங்கச்சிக்காரி எந்த வருடம் தேடி வந்தாள் என்பதில்தான் பெரிய இழுபறி. நாங்கள் எழுதிய பதில் எங்கள் விமர்சனத்தை விட நாலு மடங்கு நீளம். மகள் ரைப் பண்ணி விரல் நோகுது என்றாள்.

ஸ்ரேசன் கிழவி என் கற்பனை என்பதையும் அந்த நாட்களில் ஒருநாள் சொல்லிவிட்டேன். அக்கா கண்ணாடியில் பார்த்தார்.

"எனக்கு அப்பவே தெரியும் புள்ள. வெள்ளைக்காரக் கிழவி அப்பிடிக் கதைக்கமாட்டா."

ஆவணி மாதம் சுவிஸ் சகோதரி மூன்று கிழமை லீவில் வந்தார். ஒருநாள் அக்காவின் வேலையிடத்தைப் பார்க்க வேண்டும் என்று காலையிலேயே எங்களோடு வானில் ஏறினார். அக்காவை விட மெலிவு, தலைமயிரைக் கட்டையாக வெட்டியிருந்தார், கண்ணாடி போட்டிருந்தார். மில்லிக்கனில் அண்ணை முன் சீட்டை அவருக்கு விட்டுக் கொடுத்துப் பின்னால் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

கையில் புதிதாக ஒரு புத்தகம் வைத்திருந்தேன். முதல் இருபது பக்கம் சொல்லத் தயாராகத்தான் வந்தேன். முன்னால் அவர்கள் இரண்டு பேரும் ஒரு பக்கத்து வீட்டுக்காரியைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள். அவளுடைய பெயர் என்ன, அவள் கட்டியது யாரை, கோழி எத்தனை வைத்திருந்தாள் என்று ஒருவரை ஒருவர் திருத்திக்கொண்டே போனார்கள். ஒரே குரல் தன்னோடு தானே வழக்காடுவது போலிருந்தது. வெளியே நன்றாக விடிந்திருந்தது. அண்ணை கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்தார்.

"இண்டைக்கு உமக்கு இடமில்லைப் பிள்ளை," என்று என் காதுக்குள் சொல்லிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு அவர்களைக் கேட்கத் தொடங்கினார்.